துணைக்கால்

என் அம்மாவுக்கு மூன்று பெயர். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் மரியம்மாள். ரேஷன் கார்டில் மாரியம்மாள். ஆதாரில் மேரி. இந்த மூன்றில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் அவர் சின்னப்பொண்ணு. அறுபது வயது தாண்டியும் சின்னப்பொண்ணுதான்.

2022 டிசம்பர் வரைக்கும் இது எங்களுக்கு வீட்டுக்குள் சிரித்துக்கொள்ளும் ஒரு விஷயம்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் ஒரு காப்பித் தோட்டம். தாத்தா காலத்தில் சமவெளியிலிருந்து கூலிக்கு மலையேறிய குடும்பம் எங்களுடையது. ஆதிதிராவிடர். மேலே வந்த பிறகு ஞானஸ்நானம் வாங்கினார்கள். நான் கல்யாணமாகிச் சேலம் பக்கத்துக் கன்னங்குறிச்சிக்கு வந்துவிட்டேன், கொலுசுப் பட்டறையில் வேலை. அப்பா, அம்மா, தம்பி மூவரும் மேலேதான்.

அந்த டிசம்பர் 8 வியாழக்கிழமை. அமலோற்பவ மாதா திருநாள். “இன்னிக்கு ஒரு நாளாவது பூசைக்குப் போயிட்டு வீட்ல இரு” என்று அப்பா சொல்லியிருக்கிறார். பழம் எடுப்பு மும்முரமாக நடக்கிற மாதம். கிலோ கணக்கில்தான் கூலி. அம்மா காலைப் பூசையை முடித்துவிட்டு இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மூன்று மணி வாக்கில் ஈரச் சரிவில் கால் வழுக்கி, ஒரு சில்வர் ஓக் மரத்தின் அடியில் போய் இடித்து விழுந்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்ததாம்.

கம்பளியில் படுக்க வைத்து, கம்பளியின் இரண்டு முனையையும் சவுக்குக் கழியில் கட்டி, நான்கு பேர் தோளில் தூக்கி ஜீப் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 108-க்குப் போன் போட்ட பையன் எஸ்டேட் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அங்கே பாதி இடத்தில் சிக்னல் கிடையாது; வண்டிக்காரர் திரும்பக் கூப்பிட்டபோது லைன் கிடைக்கவில்லை. பக்கத்துக் கேட் வரை வந்து காத்திருந்து, ஆள் ஓடிப் போய் அழைத்து வந்தார்கள். மலையில் இருப்பவர்கள் இதை எழுதியே வைத்துக்கொள்ளலாம்: போன் போட்டவர் சிக்னல் கிடைக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது. எஸ்டேட் பெயரோடு எந்தக் கேட், எந்தக் கோயில், எந்தப் பஸ் நிறுத்தம் என்று சொல்ல வேண்டும். ரோட்டில் ஒருவர் நிற்க வேண்டும்.

ஏற்காடு அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்துக்குக் கீழே உடைந்திருப்பதை விரலால் காட்டினாராம். ஆபரேஷன்தான், சேலம் கொண்டுபோங்க, தள்ளிப் போடாதீங்க என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்த வயதில் இடுப்பு உடைந்தால் கால் மட்டும் போவதில்லை. படுத்தபடியே கிடந்தால் சளி நெஞ்சில் கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். முடிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்பது நான் பிறகு தெரிந்துகொண்டது. எங்களுக்கு ஏழு நாள் ஆயிற்று.

முதல் இரண்டு நாளை நாங்களே தொலைத்தோம். சீட்டில் எழுதியிருந்தது அரசு ஆஸ்பத்திரி. சித்தப்பா, “பெரியாஸ்பத்திரிக்குப் போனா தரையிலதான் படுக்க வைப்பாங்க, நம்மகிட்டத்தான் இன்சூரன்ஸ் கார்டு இருக்கே” என்று ஒரு ஆம்னி வேனைப் பிடித்துவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் அம்மா இறங்கியது அந்த வேனின் பின் சீட்டில். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே. பாதி வளைவில் ஜெபம் நின்று வெறும் முனகல்தான் இருந்ததாம். நான் அடிவாரத்தில் நின்று ஏறிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தது சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே கவுன்டரில் அப்பா பத்திரமாகப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து நீட்டிய கார்டு, 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது கொடுத்தது. அந்தத் திட்டம் முடிந்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிப் பத்து வருடம் ஆகியிருந்தது. கார்டைப் பார்த்த பெண், “இது செல்லாதுங்க” என்றாள். பிறகு ரேஷன் கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது மாரியம்மாள், இது மேரி. ரெண்டு பேர்ல யாருக்கு அடி?” என்று கேட்டாள்.

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அறுபதாயிரம் முன்பணம் கட்டினால் மறுநாள் அறுவை என்றார்கள். எங்களிடம் எட்டாயிரம் இருந்தது. இரவு அங்கேயே வைத்துப் பார்த்தோம். மறுநாள் மாலைக்குள் படுக்கை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று பதினோராயிரத்துச் சொச்சம். சித்தப்பா இப்போது புதிய யோசனை சொன்னார்: நாட்டுக் கட்டுப் போட்டுவிடலாம், தெரிந்த வைத்தியர் இருக்கிறார். கை விரல் சுளுக்கு, மணிக்கட்டு என்றால் நானும் மறுபேச்சு பேசியிருக்க மாட்டேன். அந்த ஏற்காட்டு டாக்டர் விரல் வைத்துக் காட்டிய இடம் அப்பாவுக்கு ஞாபகத்தில் இருந்தது. “அதெல்லாம் வேண்டாம். சீட்டு எழுதின இடத்துக்கே போவோம்” என்றார். என் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு அவர் பேசிய ஒரு வாக்கியம் அம்மாவின் காலைக் காப்பாற்றியது.

வெள்ளிக்கிழமை இரவு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சேலத்துக்காரர்களுக்கு ஜி.எச். அவசரப் பிரிவில் எங்களிடம் கார்டு கேட்கவில்லை, சாதிச் சான்று கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. பெயர், வயது, ஊர் கேட்டார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, ஊசி போட்டு, எலும்பு வார்டுக்கு ஏற்றினார்கள். அம்மாவுக்குக் கட்டில் கிடைத்தது. சித்தப்பா அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை நுழைவுச் சீட்டு இல்லை. உள்ளே வைக்கிற பிளேட், கம்பி மாதிரியானவற்றின் செலவை அந்தத் திட்டத்தில் எடுத்துக்கொள்வதால் அட்டை இருந்தால் வேலை சுலபமாக நடக்கும், அவ்வளவுதான். அட்டை பொருந்தவில்லை என்று பயந்து நோயாளியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோன குடும்பங்களை அதற்குப் பிறகு எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களிலேயே பார்த்தேன்.

அட்மிஷன் சீட்டு எழுதும்போதுதான் வீட்டில் மூடி வைத்திருந்த விஷயம் வெளியே வந்தது. பெயர் கேட்டார்கள். நான் “மரியம்மாள்” என்றேன். தம்பி என் முழங்கையைப் பிடித்து, “ரேஷன் கார்டுல இருக்கறதச் சொல்லுக்கா” என்று முணுமுணுத்தான். எழுதுகிறவர் ஆதாரைக் கேட்டார், பார்த்தார், ‘மேரி’ என்று எழுதிவிட்டார். மதம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி “இந்து” என்றான். அம்மாவின் கழுத்தில் உத்தரியம், மாதா பக்திக்காகக் கத்தோலிக்கர் அணியும் துணிக்கயிறு, தொங்கிக்கொண்டிருந்தது. எழுதினவர் அதைப் பார்த்தாரா தெரியாது. பார்த்திருந்தாலும் அவருக்கு அது முக்கியமில்லை. அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் தம்பியிடம் சண்டை போட்டேன். அப்பாதான் இடையில் வந்தார். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் மரியம்மாள் என்று சொன்னதை மாரியம்மாள் என்று எழுதிக்கொண்டாராம். சேலம் ஜில்லாவில் தெருவுக்கு ஒரு மாரியம்மன் கோயில். கேட்கிற காதுக்கு அப்படித்தான் கேட்கும். அப்பா அதைப் பார்த்தார். திருத்தச் சொல்லவில்லை. “புள்ளைங்க படிப்புக்கு ஆகும்னு விட்டுட்டேன்” என்றார்.

ஆகும் என்றால் என்ன என்பது எங்களைப் போன்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது முதலில் இந்துக்களுக்கு மட்டும். பிறகு 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். அதே லைனில் அடுத்த வீட்டிலிருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பமும் (இந்த மலைக்காரர்கள், கேரளத்துக்காரர்கள் இல்லை) எங்களைப் போலவே பூசைக்கு வருகிறது. அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பழங்குடிப் பட்டியலுக்கு மதம் குறுக்கே வராது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே நிற்கிறது. ஒரு துணைக்காலை அடிக்காமல் விட்டதற்காக என் அப்பாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தத் துணைக்காலில்தான் தம்பி ஐ.டி.ஐ. படித்தான்.

ஆனால் சனிக்கிழமை காலை அதே துணைக்காலும் மேரியும் சேர்ந்து எங்களைப் பிடித்துக்கொண்டன.

முதலில் எக்ஸ்ரே. வாசலில் ஊழியர் “மேரி! மேரி யாரு?” என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்த அம்மா பதில் சொல்லவில்லை. நான் டீ வாங்கப் போயிருந்தேன். வரிசை தாண்டிப் போய்விட்டது. திரும்பி வந்து, “ஏம்மா சத்தம் குடுக்கல?” என்றால், “யாரையோ கூப்புட்டாங்க கண்ணு. நான் என்ன பண்ணட்டும்?” என்கிறார். அன்றைக்கே ஒரு அட்டைத் துண்டில் பெரிய எழுத்தில் ‘மேரி’ என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டினேன். பாதி நேரம் அதைப் பார்த்து அம்மாவே சிரித்தார். பெரியவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நகரும்போது அவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அவர்களுடைய சொந்தப் பெயர் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்த கட்டிலில் ஓமலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பாட்டி. பேத்தி நன்னிமா என்று கூப்பிடுவாள்; இரண்டு நாளில் வார்டு முழுக்க அவர் நன்னிமாதான். அவருக்கும் இடுப்பு. அவருக்கும் பெயர். ஒன்றில் பாத்திமாபீ, இன்னொன்றில் ஃபாத்திமா பீவி. பேத்தி என்னிடம், “எங்க வீட்ல ஆறு பேருக்கு ஆறு விதமா எழுதியிருக்காங்க அக்கா. அத்தா பேர்ல ‘ஷ’ ஒரு எடத்துல இருக்கு, ஒரு எடத்துல ‘சா’ ஆயிருக்கு” என்றாள். அப்போதுதான் எங்கள் வீட்டுக் கதை எங்கள் வீட்டோடு முடிகிறதில்லை என்று எனக்குப் பட்டது. எங்கள் ஊரில் தாத்தாமார் எல்லாம் சூசை, ராயப்பன், அருளப்பன், யாகப்பன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதியது ஜோசப், பீட்டர், ஜான், ஜேம்ஸ். இரண்டும் ஒரே புனிதர்தான். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அந்தோணிக்கு ரெண்டு சுழி ‘ன’ போட்டால் வேறு ஆள். எழுதுகிறவர் காதுக்குப் பழகாத பெயர் என்றால் அவர் தனக்குத் தெரிந்ததில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். வன்மம் எதுவும் இல்லை. எழுத்துக்கூட்டும்போதுதான் கெடுகிறது. ஆனால் முருகேசனுக்கு இது எத்தனை தடவை நடக்கும்?

நன்னிமாவுக்குக் கட்டு மாற்ற ஆண் ஊழியர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவார். பேத்தி தயங்கித் தயங்கி நின்றாள். நான்தான் அவளை ஸ்டாஃப் நர்ஸிடம் கூட்டிப் போனேன். “இதுக்கா இவ்வளவு நேரம் நின்னீங்க? மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று நர்ஸ் சத்தம் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு பெண் ஊழியரையே அனுப்பினார். படுத்தபடியே தொழுவார் நன்னிமா. அந்த நேரத்தில் அம்மா ஜெபமாலை உருட்டுவதைக் கொஞ்சம் சத்தம் குறைத்துக்கொள்வார். இரவில் பெண்கள் வார்டில் ஆண்களைத் தங்க விடுவதில்லை. எங்களில் மூன்று பெண்கள் முறை வைத்துக்கொண்டோம். யார் வீட்டில் நோயாளிப் பெண்ணோ அங்கே இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன். வேண்டியது ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் என்று கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று. இதைக் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குக் கொண்டுபோனால் பதிந்து கொடுப்பார்கள். கலெக்டர் ஆபீஸ் ஜி.எச்.சுக்குப் பக்கம்தான், நடந்தே போகலாம். வி.ஏ.ஓ. இருப்பதோ மலை மேலே. அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. மாண்டஸ் புயல் மகாபலிபுரம் பக்கம் கரையேறியிருந்த நேரம், சேலத்திலும் வானம் மூடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

சும்மா என்று சொல்லக் கூடாது. அந்த இரண்டு நாளில் டாக்டர்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் 180-க்கு மேல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஹீமோகுளோபின் 8. மயக்க மருந்து கொடுக்கிறவர் இரண்டும் சரியாகாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். “எவ்வளவு நாளா பி.பி. இருக்கு?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு, அது சொல்லக் கொஞ்சம் வருத்தமானது. லைனுக்குக் கீழே கன்னியர் மடத்து டிஸ்பென்சரி ஒன்று இருந்தது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அரிவாள் வெட்டு, பிரசவ வலி ஆரம்பம், எதுவானாலும் சிஸ்டர்தான். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பும் டெட்டால் வாசமும் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள். திட்டுவார்கள், மாத்திரை தருவார்கள். நர்ஸ் சிஸ்டருக்கு வயதாகி, பிறகு ஆள் இல்லாமல் மூடிவிட்டார்கள். முப்பது வருடம் அந்த ஒரு வாசலையே மிதித்த எங்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல் தெரியாது. அங்கே எங்கள் பெயர் ஏறவே இல்லை. சிஸ்டர்கள் செய்தது புண்ணியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் எங்களை அந்த வாசலுக்கும் ஒரு தடவை கைபிடித்துக் கூட்டிப் போயிருக்கலாம்.

தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தியத்தை முதலாளியின் பொறுப்பில் வைத்தது. செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில், பெயர் இருப்பவர்களுக்குச் சரி. அம்மா பெயர் அதில் இல்லை. கிலோவுக்கு எடுத்துக் கொடுக்கிற ஆள். விழுந்த அன்றைக்கு எடுத்த பழத்துக்கான கூலியைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் கொண்டுவந்து கொடுத்தார், அதோடு சரி.

2021 ஆகஸ்டில் வீடு தேடி வந்து பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கமும் ஒரு பெண் பி.பி. கருவியோடு வந்துகொண்டிருந்தாராம். அவர் வருவது பகல் பதினொரு மணிக்கு. அந்நேரம் லைனில் கிழவிகளும் கோழிகளும்தான் இருக்கும். இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் கோயில் வாசலுக்கே வந்துவிடுகிறார். இதற்கு நாங்கள் மனு எதுவும் கொடுக்கவில்லை. கோயில் காரியங்களில் சாமியாருக்கு உதவும் உபதேசியார் அவருக்குப் போன் போட்டுக் கேட்டார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அப்பா முதல் பஸ்ஸில் மேலே போனார். வி.ஏ.ஓ. வருமானச் சான்று கொடுத்தார். மரியம்மாள் மாரியம்மாள் ஆன விஷயத்தைச் சொன்னபோது, “ஒரு துணைக்கால்தானே பெரியவரே” என்றவர், ஆதாரில் மேரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். கடைசியில் மாரியம்மாள், மேரி இருவரும் ஒருவரே என்று தனியாக ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை கலெக்டர் ஆபீஸில் அந்தத் தாளைவிட எங்களுக்குக் கை கொடுத்தது ஆதார் எண். ரேஷன் கார்டை ஸ்மார்ட் கார்டாக மாற்றியபோது ஆதார் எண்ணைச் சேர்த்திருந்தார்கள். பெயர் வேறானாலும் எண் ஒன்றாக இருந்தது. மையத்தில் இருந்த ஊழியர் அதைப் பார்த்துவிட்டுப் பதிந்துகொண்டார். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஒரு தாளோடு போவதும், கடைசி நான்கு இலக்கத்தையாவது சரிபார்த்துக்கொண்டு போவதும் நல்லது. இன்னொன்று, மேலே போகிற ஆளும் கீழே நோயாளியோடு இருக்கிற ஆளும் ஒருவராக இருக்க முடியாது. அசல் ரேஷன் கார்டு ஆஸ்பத்திரிப் பையில் கிடக்க, அப்பா நகலோடு மேலே போய், பிறகு தம்பி அடுத்த பஸ்ஸில் அசலைக் கொண்டு ஓடிய கூத்தும் நடந்தது.

வியாழக்கிழமை அறுவை. தம்பி ஒரு யூனிட் ரத்தம் கொடுத்தான். தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது நகை, கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தாலியைக் கழற்றிய அம்மா உத்தரியத்தைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம். “இதோட செத்தா நேரா மோட்சம்” என்கிறார். “சாக விடறதுக்கா பாட்டி உள்ள கூட்டிப் போறோம்?” என்ற நர்ஸ், அதை வாங்கி, கேஸ் ஷீட்டின் அட்டையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, “பாருங்க, உங்ககூடத்தான் வருது” என்று காட்டினார். மதம் என்ற கட்டத்தில் இந்து என்று எழுதியிருந்த அதே கேஸ் ஷீட். தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

முந்தின நாள் மாலை பங்குச் சாமியார் மலையிலிருந்து வந்திருந்தார். பார்வையாளர் நேரத்தில் நர்ஸிடம் சொல்லிவிட்டு, திரை இழுத்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை. இருந்தும் தம்பிக்கு உள்ளுக்குள் உதறல், யாராவது பார்த்து எங்காவது எழுதிவிடுவார்கள் என்று. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் யாரும் சாதிச் சான்றைத் தேடப் போவதில்லை என்று அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை. பயத்துக்கு அவன் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வருகிறவர் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, எங்கள் லைனில் ஒரு வாரம் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

டிசம்பர் 23-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். மலைக்குக் கொண்டுபோக முடியாது; லைன் வீட்டுக் கக்கூஸ் வெளியே, குத்தவைத்து உட்காரும் மாதிரி. கன்னங்குறிச்சியில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். அறுவை முடிந்தால் முடிந்தது என்று நினைக்கிறோம், பாதி வேலை அதற்குப் பிறகுதான். வாக்கர், நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, கட்டிலின் உயரம், ராத்திரி விளக்கு. நாற்காலி செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தினமும் கணுக்காலை அசைக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா செய்ய மாட்டார். ஜெபமாலையில் ஒரு மணிக்கு ஒரு அசைப்பு என்று எங்கள் வீட்டுப் பேத்தி பேரம் பேசினாள். ஐம்பத்து மூன்று மணி, ஐம்பத்து மூன்று அசைப்பு. அதற்குப் பிறகு ஒருநாள் கூடத் தவறவில்லை.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு நன்னிமா வீட்டிலிருந்து போன் வந்தது. அவரும் வீட்டுக்குப் போயிருந்தார்.

அம்மா மறுபடி மலையேறியது பிப்ரவரியில். அந்த மாதம் எங்கள் அன்பியக் கூட்டம், பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழு, அப்பா வீட்டில். இருபத்து நாலு குடும்பம். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது, எல்லோரும் அடுத்த தடவை ரேஷன் கார்டையும் ஆதாரையும் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். கொண்டு வந்தார்கள். பாயில் பரப்பி வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒத்துப்போன குடும்பம் ஐந்து. ஒருவருக்கு ஆதாரில் பெண் என்று இருந்தது. ஆறடி ஆள், மீசைக்காரர். பதினோரு குடும்பத்தில் காப்பீட்டு அட்டையே இல்லை, நான்கு வீட்டில் எங்களைப் போல 2009 கார்டு.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அலுப்பான வேலை. நடந்தால் நடக்கிற வேலை. எழுத்துப் பிழை என்றால் ஆதார் மையத்தில் ஒரு ஆவணத்தோடு திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், அதனால் கையில் எழுதிக்கொண்டு போய், திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகே சரி என்று சொல்ல வேண்டும். பெயரே அடியோடு வேறென்றால் அரசிதழில் வெளியிட வேண்டிவரும். அது நேரமும் காசும் ஆகிற காரியம். ரேஷன் கார்டை ஏற்காடு தாலுகா ஆபீஸில் வழங்கல் பிரிவில் திருத்துகிறார்கள். சூசைதான் அழகு, ஜோசப்தான் நாகரிகம் என்ற வழக்கெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, எது அதிகக் காகிதத்தில் இருக்கிறதோ அதற்கு மற்றதை இழுத்துக்கொண்டு வரச் சொன்னோம். சான்று பயத்தால் தொட மாட்டேன் என்றவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பெயரை வைத்து மதத்தை முடிவு செய்வதில்லை என்று மட்டும் சொன்னேன். சிலர் கேட்டார்கள், சிலர் கார்டைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசியார் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஞானஸ்நானத்துக்கு எழுத வரும்போதே பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வரச் சொல்கிறார். அதில் இருக்கிற எழுத்தையே பதிவேட்டிலும் எழுதுகிறார். புனிதர் பெயர் வேண்டுமென்றால் சான்றிதழ் வாங்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

அம்மாவுடையதைத் திருத்தப் போன வருடம்தான் போனோம். இரண்டு வருடம் தம்பியோடு பேசித் தீராத விஷயம் அது. கடைசியில் ரேஷன் கார்டுக்கு ஏற்றபடி ஆதாரை மாற்றலாம், அதாவது மாரியம்மாள் ஆகிவிடலாம் என்று அப்பாவும் தம்பியும் முடிவு செய்திருந்தார்கள். எனக்குச் சம்மதமில்லை, இருந்தும் வாயை மூடிக்கொண்டு கூடப் போனேன். மையத்தில் பையன் ஃபார்மை நீட்டி, “பேர் என்னன்னு போடணும் பாட்டி?” என்று அம்மாவிடமே கேட்டுவிட்டான்.

அம்மா வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

“ஊட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வரேன் சாமி” என்றார்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதுவரை வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்த தாளை லேமினேட் செய்து, காப்பீட்டு அட்டையோடும் பி.பி. மாத்திரையோடும் ஒரே பையில் போட்டு, மாதா படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம்.